படுக்கைப் புண் வராமல் தடுக்க: வார்டில் யார், எப்போது, என்ன செய்ய வேண்டும்?

படுக்கைப் புண் வந்துவிட்டால் வார்டில் முதலில் எழும் கேள்வி, "யார் டூட்டியில் வந்தது?" என்பதுதான். இந்தக் கேள்வியால் இதுவரை எந்தப் புண்ணும் ஆறியதில்லை. அது போக, புண் ஒருவருடைய டூட்டியில் வருவதும் இல்லை. விபத்தில் அடிபட்ட ஒருவர் கேஷுவாலிட்டி ஸ்ட்ரெச்சரில் நான்கு மணி நேரம் கிடக்கிறார். ஸ்கேன் அறை வாசலில் ஒரு மணி நேரம். ஆபரேஷன் டேபிளில் ஐந்து மணி நேரம். உள்ளே நசுங்கிய சதை தோலில் தெரிய 48 முதல் 72 மணி நேரம்கூட ஆகலாம். மூன்றாம் நாள் காலையில் பெட்ஷீட் மாற்றும்போது கருநீலத் திட்டைப் பார்க்கும் சிஸ்டர் மாட்டிக்கொள்கிறார்.

பொது வார்டில் ஒரு நோயாளியைச் சுற்றி டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன், மருத்துவமனைப் பணியாளர், கூட இருக்கும் அட்டெண்டர் என்று இத்தனை பேர் இருந்தும் புண் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் இல்லை. "அவர் திருப்பியிருப்பார்" என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் என்ன செய்வது என்பதோடு யார் செய்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நம் ஊர் வார்டுதான் மனதில் இருக்கிறது: ஒரு நர்ஸுக்கு ஏகப்பட்ட நோயாளிகள், ரெக்ஸின் மெத்தை, கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினர்.

புண் எப்படி உண்டாகிறது

எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை அழுந்துகிறது. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. நாம் தூக்கத்தில்கூட நமக்கே தெரியாமல் புரண்டு படுத்துக்கொள்கிறோம். பக்கவாதம் வந்தவராலும் இடுப்பு எலும்பு முறிந்தவராலும் அது முடியாது. முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கோ வலியே தெரியாது.

அழுத்தத்தைவிட அதிகம் கவனிக்கப்படாமல் போவது இழுவிசை. தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்த நோயாளி மெல்லக் கீழே சரிகிறார். தோல் பெட்ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே எலும்பு மட்டும் நகர்கிறது. நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்குகின்றன. ஈரமும் சத்துக்குறைவும் இதோடு சேர்ந்தால் தோல் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும்.

அதிகம் வரும் இடங்கள் இரண்டு: முதுகுத்தண்டு முடிகிற அடிமுதுகு, அப்புறம் குதிகால். இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், முழங்கை, தோள்பட்டை எலும்பு, காது மடல் ஆகியவையும் பட்டியலில் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பின்மண்டையைப் பார்க்க வேண்டும்.

படி 1: யாருக்கு ஆபத்து என்று கணக்கிடுங்கள்

பொறுப்பு: அட்மிஷன் போடும் நர்ஸ். நேரம்: வார்டுக்கு வந்த 8 மணி நேரத்துக்குள், பிறகு தினமும் ஒரு முறை. ஆபரேஷன், ஐசியூ மாற்றம், திடீர்க் காய்ச்சல், மயக்க மருந்து என்று எது நடந்தாலும் மறுபடியும்.

பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ரோம் ஆகிய இரு அமெரிக்க நர்ஸ்கள் உருவாக்கி, 1987-ல் வெளியான பிரேடன் அளவுகோல்தான் இன்று பரவலாகப் புழங்குகிறது. அதில் ஆறு அம்சங்கள்: அழுத்தத்தை உணரும் திறன், தோலின் ஈரம், நடமாட்டம், படுக்கையில் தானாகப் புரளும் திறன், உணவு, உராய்வும் இழுவிசையும். முதல் ஐந்துக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். கடைசிக்கு 1 முதல் 3 வரை. மொத்தம் 6-லிருந்து 23-க்குள் வரும். குறைந்தால் ஆபத்து. 18 அல்லது அதற்குக் கீழே என்றால் கவனம் தேவை, 12 அல்லது அதற்குக் கீழே போனால் ஆபத்து அதிகம், 9 அல்லது அதற்குக் கீழே என்றால் மிக அதிகம்.

பல வார்டுகளில் மொத்த எண்ணை மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதி மூடிவிடுகிறார்கள். அதில் பயன் பாதிதான். எந்த அம்சத்தில் மதிப்பெண் குறைந்தது என்று பாருங்கள். அதுதான் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும். உணவில் 1 என்றால் டயட்டீஷியன். புரளும் திறனில் 2 என்றால் பிசியோதெரபிஸ்ட். ஈரத்தில் குறைந்தால் பணியாளரும் அட்டெண்டரும். மொத்தம் 14 வாங்கிய இரண்டு பேருக்குத் தேவை முற்றிலும் வேறாக இருக்கலாம்.

இதில் டாக்டரின் வேலை என்ன? ரவுண்ட்ஸில் அந்த எண்ணைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தலைமை டாக்டர் தினமும் "பிரேடன் எவ்வளவு?" என்று கேட்கிற வார்டில் யாரும் அதை எழுத மறப்பதில்லை.

படி 2: தோலைப் பாருங்கள், தொட்டும் பாருங்கள்

பொறுப்பு: நர்ஸ். நேரம்: அட்மிஷனின்போது தலை முதல் கால் வரை, பிறகு ஒவ்வொரு டூட்டி மாற்றத்திலும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள், வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது, வெளுக்காமலே இருந்தால் அது முதல் நிலைப் புண் என்று எல்லோரும் படித்திருப்போம். அது வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்ட பாடம். நம் தோலில் சிவப்பே தெளிவாகத் தெரியாது, வெளுப்பும் தெரியாது. கருமை கூடியோ ஊதா சாயலிலோ ஒரு திட்டு தெரியும், பல நேரம் அதுவும் தெரியாது. ஆகவே புறங்கையை வைத்துப் பாருங்கள்: பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா? விரலால் தடவுங்கள்: கெட்டியாக இருக்கிறதா, அல்லது கனிந்த பழம்போல் அமுங்குகிறதா? பேசக்கூடியவர் என்றால், "இங்கே வலிக்குதா, எரியுதா?" என்று கேளுங்கள். டியூப்லைட் வெளிச்சம் போதாவிட்டால் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள்.

டூட்டி மாறும்போது இரண்டு நர்ஸும் சேர்ந்து நோயாளியைத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். எல்லா நோயாளிக்கும் நேரம் இருக்காது. பிரேடன் குறைந்தவர்களுக்காவது செய்யலாம். இருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் "என் டூட்டியில் இல்லை" என்ற பேச்சு எழாது.

வெளியிலிருந்தே புண்ணோடு வருபவர்கள் உண்டு. அதை அட்மிஷனன்றே இடம், அளவு, நிலை என்று எழுதிவிடுங்கள். தோல் கிழியாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் முதல் நிலை; ஆனால் அது கருநீலமாகவோ ஊதாவாகவோ இருந்தால் உள்ளே ஆழத்தில் சதை நசுங்கியிருக்கலாம், அதைத் தனியாக எழுத வேண்டும். மேல்தோல் உரிந்தோ கொப்புளமாகவோ இருந்தால் இரண்டு. அடியில் கொழுப்பு தெரிந்தால் மூன்று. தசை, எலும்பு, தசைநார் தெரிந்தால் நான்கு. கருந்தோலோ மஞ்சள் படலமோ மூடி ஆழம் தெரியாவிட்டால், "நிலை சொல்ல இயலாது" என்றே எழுத வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது.

படி 3: திருப்பிப் படுக்கவைப்பது

எல்லாவற்றிலும் பெரிய வேலை இதுதான். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கியபோது, அப்படிப்பட்ட நோயாளிகள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறப்பது சகஜமாக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பகலும் இரவும், தவறாமல் திருப்ப வைத்தார். நிலைமை மாறியது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஷார்கோ போன்ற பெரிய நரம்பியல் மருத்துவர்களே இந்தப் புண்ணை நரம்புச் சேதத்தின் தவிர்க்க முடியாத விளைவு என்று நம்பியிருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் என்பது கல்லில் செதுக்கிய எண் இல்லை. அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 2, 3, 4 மணி நேர இடைவெளிகளுக்கு இடையே புண் வரும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் படுத்திருந்தது தரமான அடர்த்தி கூடிய ஃபோம் மெத்தையில். நம் வார்டில் அழுந்திப்போன மெத்தையில் படுத்திருப்பவருக்கு இரண்டு மணி நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

யார் செய்வது? டாக்டர் ஆர்டர் எழுத வேண்டும். "பேக் கேர்" (முதுகுப் பராமரிப்பு) என்று பொதுவாக எழுதாமல், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை, எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று தெளிவாக எழுத வேண்டும். கழுத்து, முதுகுத்தண்டு முறிவு சந்தேகம் இருந்தால் ஆர்டர் இல்லாமல் யாரும் திருப்பக் கூடாது. திருப்பும்போது தலை, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் உருள மூன்று, நான்கு பேர் வேண்டும். ரத்த அழுத்தம் நிலையில்லாதவரை முழுதாகத் திருப்ப முடியாவிட்டாலும், ஒரு தலையணையை நுழைத்தும் எடுத்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடையை மாற்றலாம். அட்டவணை போட்டு மேற்பார்ப்பது நர்ஸ். கை கொடுப்பது பணியாளரும் அட்டெண்டரும்.

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப்பில் இரண்டு மணிக்கொரு தடவை ஃபீட் (திரவ உணவு) கொடுக்கும் நோயாளிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஃபீட் கொடுத்தவுடன் திருப்பினால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும் அபாயம். அதனால் பலர் திருப்புவதையே விட்டுவிடுகிறார்கள். வழி எளிது: முதலில் திருப்புங்கள், சரிசெய்து படுக்கவையுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், பிறகு ஃபீட். அட்டவணையை இப்படி எழுதிக் கட்டிலில் ஒட்டலாம்:

காலை 6: வலது பக்கம், பிறகு ஃபீட்
8: மல்லாந்து, பிறகு ஃபீட்
10: இடது பக்கம், பிறகு ஃபீட்
பகல் 12: மறுபடி வலது பக்கம், பிறகு ஃபீட்

இரவுக்கும் இதே வரிசைதான். எதிரே நேரமும் திருப்பியவர் பெயரும் எழுத ஒரு கட்டம் விடுங்கள்.

பக்கவாட்டில் முழுதாக 90 டிகிரி சாய்த்தால் எடை முழுதும் இடுப்பு எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். அடிமுதுகும் தப்பும், இடுப்பு எலும்பும் தப்பும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. மல்லாந்த நிலையில் கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். குதிகாலுக்கு அடியிலேயே தலையணை வைத்தால் பயனில்லை.

மேலே ஏற்றும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். நோயாளிக்கு அடியில் குறுக்காக விரித்திருக்கும் டிரா ஷீட்டின் இரு பக்கமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். உட்காரவைக்கும்போது முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்திவிட்டு அப்புறம் தலைப்பக்கத்தை உயர்த்தினால் சரிவது குறையும். மற்ற நேரங்களில் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா வராமலிருக்க 30 முதல் 45 டிகிரி வேண்டும் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே என்ன செய்வது என்பதை ஐசியூ டாக்டரும் நர்ஸும் பேசி 30-ல் நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டும். தனியாக ஒருவர் எடுக்கும் முடிவு இல்லை.

வலியால் திரும்ப மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள். வலி மருந்து கொடுத்து அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு திருப்பினால் அவரே ஒத்துழைப்பார். பிசியோதெரபிஸ்ட் வந்து நோயாளியை உட்காரவைத்தால் அதையும் அட்டவணையில் எழுதுங்கள். நாற்காலியிலும் புண் வரும். முடிந்தவர் கால் மணிக்கொரு முறை எடையை மாற்றி உட்கார வேண்டும். முடியாதவரை நாம் மாற்ற வேண்டும்.

படி 4: மெத்தை

"ஆல்பா பெட் வாங்கிட்டோம், இனிமே திருப்ப வேண்டாம்தானே?" என்று அட்டெண்டர்கள் கேட்பார்கள். திருப்பித்தான் ஆக வேண்டும். ஆல்பா பெட் என்பது பம்ப் காற்றடைக்கும் ஏர் பெட்தான்; அது உதவி செய்யும், வேலையை எடுத்துக்கொள்ளாது. பம்ப் ஓடுகிறதா, நோயாளியின் எடைக்கு ஏற்ப வைத்திருக்கிறதா, கரண்ட் போனபோது காற்று இறங்கிவிட்டதா என்று டூட்டிக்கு ஒரு முறை பாருங்கள். அதன்மேல் ஒரே ஒரு பெட்ஷீட். போர்வை, ரப்பர் ஷீட், டயப்பர், அதன்மேல் மடித்த வேட்டி என்று அடுக்கினால் ஏர் பெட் வாங்கிய காசு வீண்.

காற்றடைத்த வளையம், துணியைச் சுருட்டிச் செய்த சும்மாடு, தண்ணீர் நிரப்பிய கையுறை, மூன்றும் வேண்டாம். வளையம் நடுவில் அழுத்தத்தைக் குறைத்து விளிம்பில் கூட்டுகிறது. அங்கே ரத்த ஓட்டம் தடைபடும். நிறம் மாறிய இடத்தைத் தேய்த்துவிடுவதும் வேண்டாம். உள்ளே நைந்த சதை இன்னும் நையும். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துப் பவுடர் தூவுகிற பழைய பேக் கேர் இன்னும் சில வார்டுகளில் உயிரோடு இருக்கிறது. ஸ்பிரிட் தோலை வறட்டும், பவுடர் மடிப்பில் கட்டிகட்டும். அதை ஓய்வு பெறவிடலாம். வசதி இருக்கிற இடத்தில் அடிமுதுகிலும் குதிகாலிலும் சிலிகோன் ஃபோம் டிரெஸ்ஸிங்கை முன்கூட்டியே ஒட்டுவது பலன் தருகிறது. விலைதான் அதிகம்.

படி 5: ஈரம்

மலம், சிறுநீர் பட்டவுடன் சுத்தம் செய்ய வேண்டும். பணியாளர் வேறு வார்டில் இருந்தால் யார் செய்வது என்பதை முன்பே பேசிவையுங்கள். இந்த ஒரு கேள்வியில்தான் பாதி வார்டுகளில் சண்டை. கடுமையான சோப்பு வேண்டாம். மென்மையாகத் துடைத்து, ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்ஸைடு கிரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லியதாகத் தடவலாம். வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்; ஃபீடையோ ஆன்டிபயாடிக்கையோ மாற்ற வேண்டியிருக்கும்.

படி 6: சாப்பாடு

பொறுப்பு: டயட்டீஷியன். ஆனால் தட்டில் என்ன மிஞ்சியது என்று தெரிந்தவர் அட்டெண்டர்தான்.

புண் வரும் ஆபத்திலுள்ள, ஊட்டம் குறைந்த பெரியவர்களுக்குச் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்வது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 35 கலோரி, 1.25 முதல் 1.5 கிராம் புரதம். 55 கிலோ எடையுள்ளவர் என்றால் சுமார் 70 முதல் 80 கிராம் புரதம். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு டம்ளர் அரிசிக்கஞ்சியில் 2 கிராம் இருந்தால் அதிகம். மூன்று வேளையும் கஞ்சி, நடுவே இளநீர் என்று போகும் நோயாளிக்கு 10 கிராம்கூடத் தேறாது. ஆட்டுக்கால் சூப்பைப் பெரிதாக நம்புகிறோம். சூப்பில் கரைந்து வருவது கொஞ்சம்தான், சதையையும் சாப்பிட்டால்தான் கணக்கு ஏறும். முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

"புண்ணு இருக்கும்போது முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும்" என்ற பத்தியம் பல வீடுகளில் இருக்கிறது. நர்ஸ் சொன்னால் தலையாட்டிவிட்டுக் கொடுக்காமல் விடுவார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வேளையே முட்டை வரும். குழுவில் யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்று தெரிந்து வேலையைப் பங்கிடுவதும் ஒரு திறமை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரத அளவை டாக்டரும் டயட்டீஷியனும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஊட்டத்தை எடைபோட வேண்டாம். தொற்று இருந்தாலே அது இறங்கும்.

படி 7: கருவிகளுக்கு அடியில்

ஆக்சிஜன் மாஸ்க், காதுக்குப் பின்னால் போகும் டியூப், ரைல்ஸ் டியூப் ஒட்டிய மூக்கு, கழுத்துக் காலர், பிளாஸ்டர் கட்டின் விளிம்பு, தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்ட கதீட்டர் (சிறுநீர் டியூப்) என எல்லாமே புண் உண்டாக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது கழற்றக்கூடியதைக் கழற்றிப் பாருங்கள். திருப்பி முடித்ததும் மெத்தையில் கையை ஓடவிட்டால் ஊசி மூடி, சிரிஞ்ச் உறை எல்லாம் கிடைக்கும்.

படி 8: அட்டெண்டரைக் குழுவில் சேருங்கள்

"நல்லா திருப்பிப் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவது சொல்லிக்கொடுப்பது ஆகாது. ஒரு முறை நீங்கள் செய்து காட்டுங்கள். அடுத்த முறை அவரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். பகலில் மகள் இருப்பார், இரவில் தம்பி வருவார், ஞாயிற்றுக்கிழமை வேறு யாரோ. ஆள் மாறும்போது சொன்னதெல்லாம் போய்விடும். கட்டிலில் தொங்கும் அட்டவணை தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். இரவு ஆளுக்குச் செல்போனில் அலாரம் வைத்துக்கொடுக்கலாம்.

கூச்சம் ஒன்று இருக்கிறது. மகன் அப்பாவின் பின்புறத்தைப் பார்க்கத் தயங்குவார். மருமகள் மாமனாரைத் திருப்பச் சங்கடப்படுவார். நேரடியாகச் சொல்லவும் மாட்டார்கள். "தோலைப் பார்ப்பது எங்கள் வேலை, நீங்கள் திருப்புவதற்குக் கை மட்டும் கொடுங்கள்" என்று சொன்னால் போதும். திரையை இழுத்துவிட்டுச் செய்யுங்கள்.

திருப்பும் பொறுப்பு மொத்தத்தையும் அட்டெண்டர் தலையில் கட்டிவிடாதீர்கள். யாரும் இல்லாமல் தனியாக வந்து சேர்ந்த நோயாளிகளுக்குத்தான் சீக்கிரம் புண் வருகிறது என்றால், அந்த வார்டில் அட்டவணை இல்லை என்று அர்த்தம். அவர்களுடைய கட்டிலை நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் போட்டு, பெயர் சொல்லி ஒரு பணியாளரிடம் ஒப்படையுங்கள்.

படி 9: எண்ணுங்கள், திட்டாதீர்கள்

என்ஏபிஹெச் (இந்தியாவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் 1,000 நோயாளி நாட்களுக்கு எத்தனை புதிய படுக்கைப் புண் என்று கணக்கு வைக்க வேண்டும். 30 பேர் இருக்கும் வார்டில் 30 நாளில் 900 நோயாளி நாட்கள். அதில் இரண்டு பேருக்குப் புதிதாகப் புண் வந்தால் 2.2. சான்று இல்லாத மருத்துவமனையும் ஒரு நோட்டில் இதைச் செய்யலாம்.

எண் ஏறினால் மெமோ வரும் என்றால், அடுத்த மாதம் எண் இறங்கிவிடும். புண் இறங்காது, எழுதுவதுதான் நின்றிருக்கும். ஒவ்வொரு புதிய புண்ணுக்கும் டாக்டர், நர்ஸ், பிசியோ, டயட்டீஷியன், பணியாளர் எல்லோரும் கட்டிலருகே பத்து நிமிடம் நின்று, கேஷுவாலிட்டியிலிருந்து இன்றுவரை எந்த மணி நேரங்களில் அவர் அசையாமல் கிடந்தார் என்று மட்டும் பின்னோக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை இரண்டு இடங்களில் தெரியும்: ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றும் நேரம், இரவு 12-லிருந்து காலை 5 வரை.

வார்டுக்கு ஒரு நர்ஸை இதற்குப் பொறுப்பாளராக வையுங்கள். அவரே எல்லோரையும் திருப்ப வேண்டும் என்று இல்லை. அட்டவணை நிரம்புகிறதா, பம்ப் ரிப்பேரா, தலையணை போதுமா என்று பார்ப்பவர். தலையணைப் பற்றாக்குறையை நிர்வாகம் தீர்க்காவிட்டால் மேலே சொன்னதில் பாதி நடக்காது. ஒரு நோயாளிக்குக் குறைந்தது மூன்று வேண்டும்.

படி 10: வீட்டுக்கு அனுப்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரியில் பிரேடன் மதிப்பெண்ணும் தோலின் நிலையும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் செய்கிறார்கள். பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லி அனுப்புங்கள். வீட்டில் கட்டில் எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது என்றும் கேளுங்கள். ஒரு பக்கம் சுவர் என்றால் திருப்புபவருக்கு அந்தப் பக்கம் நிற்க இடமிருக்காது. நோயாளி போய்ச் சேரும் முன்பே கட்டிலை நகர்த்திப் போடச் சொல்லுங்கள்.